தெரியவில்லை என்று எழுதிய மதியம்

வெள்ளம் வந்த வாரத்தில் ஒரு நாள், சமூக வலைத்தளத்தில் நகராட்சி நடத்திவந்த பக்கத்தில் 'பாலத்தடியில் தண்ணீர் இரண்டு அடி குறைந்தது' என்று தவறுதலாக வெளியாகிவிட்டது. உடனே பாலத்தடியில் தண்ணீர் இரண்டு அடி குறைந்தது. அதுவரை ஆறு ஏறிக்கொண்டுதான் இருந்தது. குறைந்த தண்ணீருக்குப் போக இடமில்லை. கடைத்தெரு ஏற்கெனவே நிரம்பியிருந்தது, பேருந்து நிலையமும் அப்படியே. ஆகவே அது மேலே போனது. மின்கம்பங்களுக்குச் சற்று மேலே, ஆற்றின் இந்தப் பக்கத்தில் ஊர் முழுவதும் கண்ணாடி விரித்தது போல் பரவி, அங்கேயே நின்றுவிட்டது. அதோடு போன மீன்கள் கூரைகளுக்கு மேலே நீந்தின. அவற்றின் நிழல்கள் சுவர்களிலும், நனைந்து காய்ந்துகொண்டிருந்த மெத்தைகளிலும், வரிசையில் நின்றவர்களின் முதுகுகளிலும் மெல்ல நகர்ந்தன. மழை அந்த நீரின் மேல்தான் பெய்தது. அடியில் இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கோடையில்தான் அது வற்றியது. அதுவரை ஊரில் வெயில் பச்சையாக இருந்தது, எல்லோருக்கும் நல்ல தூக்கம் வந்தது.

பக்கத்தை நடத்தியவள் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், சாத்த முடியாத ஒரே ஒரு ஜன்னலும், ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறியும், வரிசையாக சார்ஜில் கிடக்கும் கைபேசிகளுமாக இருந்த அறையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். எந்தச் செய்தியையும் இரண்டு பேர் தங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் வெளியிட மாட்டாள். ஒருவர் பார்த்தது போதாது. பத்து பேர் கேள்விப்பட்டதும் போதாது. அதனால் ஊர் அவளுக்குச் சாட்சி என்று பெயர் வைத்தது. கொஞ்ச நாளில் சம்பளப் பிரிவில்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எழுதுவதிலும் அவள் கறார். அன்பார்ந்த பொதுமக்களே கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும் என்று அவள் எழுதினால், ஊர் குடத்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். வீட்டுச் சண்டைகளில்கூட, ஒருவர் அளந்துவிடுகிறார் என்று தோன்றினால் மற்றவர் கேட்பது ஒன்றுதான்: "பக்கத்துல வந்துச்சா?"

இப்படிப்பட்டவள் எப்படித் தவறினாள் என்றால், முன்னேற்பாட்டினால்தான் தவறினாள். அவசர காலத்தில் உட்கார்ந்து வாக்கியம் யோசிக்க நேரமிருக்காது என்பதால், எல்லாச் செய்திகளையும் அவள் சோடி சோடியாக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். பாலம் மூடப்பட்டது, பாலம் திறக்கப்பட்டது. மின்சாரம் நின்றது, மின்சாரம் வந்தது. தண்ணீர் இவ்வளவு அடி ஏறியது, இவ்வளவு அடி குறைந்தது. வேண்டியதைத் தொட்டு எண்ணை மட்டும் போட்டால் போதும். அன்று தூக்கக் கலக்கத்தில் விரல் பக்கத்துச் செய்தியில் பட்டுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அழிக்கப் போனபோது, ஜன்னலோரம் நின்ற தொலைபேசிக்காரம்மா, வாயில் எப்போதும் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு ஊரின் அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்பவர், "இரு இரு, அழிக்காத. இங்க வந்து பாரு" என்றார். இருவரும் பார்த்தார்கள். இரண்டு பேர் கண்ணால் பார்த்தாயிற்று. செய்தியை அப்படியே விட வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி நடந்தது என்று யாரும் ரொம்ப மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. ஒன்பது வருடம் பொய்யே சொல்லாத இடத்திலிருந்து ஒரு சொல் வந்தால், அதைக் கேட்கும் பழக்கம் தண்ணீருக்கும் வந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். சாட்சிதான் அதற்குப் பிறகு விரலைக் கண்ணாடிப் பாத்திரம்போல் தூக்கிக்கொண்டு திரிந்தாள். மேல்தண்ணீர் பற்றி அன்று மாலைக்குள் மூன்று அறிவிப்புகள் வந்தன: குச்சியால் குத்த வேண்டாம், மொட்டைமாடியில் இருப்பவர்கள் வாளியால் மொள்ள வேண்டாம், மீன் பிடிப்பவர்கள் கீழே போகிறவர்களைப் பார்த்துத் தூண்டிலை இறக்கவும். மூன்றையும் ஊர் கேட்டுக்கொண்டது.

ஆணையர் சும்மா இருப்பாரா? கீழே இறங்கி வந்து, சாட்சியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அவரே உட்கார்ந்து 'ஆணையரின் அயராத முயற்சியால் வெள்ளம் முற்றிலும் வடிந்து மகிழ்ச்சி பொங்குகிறது' என்று எழுதி வெளியிட்டார். தண்ணீர் ஒரு சாண் ஏறியது. ஊர் சிரித்த சிரிப்பில் ஏறியது என்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. பாராட்டுக்கு ஏங்கியவர், அவ்வளவுதான். அன்று முதல் நாற்காலியை அவளிடமே விட்டுவிட்டு, பின்னால் நின்றபடி எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஆனால் சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. பக்கம் சொன்னது நடக்கிறது என்றால், மற்றவர்கள் சொல்வதும் நடக்கலாம் அல்லவா? மறுநாள் காலை, தெருக்களில் முதலைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன என்று ஒரு படத்தோடு செய்தி பரவியது. கம்பி வலைக்குப் பின்னால் எங்கோ எடுத்த படம். மதியத்துக்குள் பாதி ஊர் அதைப் பகிர்ந்துவிட்டது. ஊர் நம்பிய வேகத்தில் முதலைகள் வரத் தொடங்கின. முதுகில் கம்பி வலையின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்திருக்க, தபால் நிலையப் படிகளில் ஏறிப் படுத்துக்கொண்டன. சாட்சி இரண்டு பேரை அனுப்பினாள். அவர்கள் தபால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒன்றுதான் இருந்தது. மற்றவை இன்னும் வந்துகொண்டிருந்தன. 'தபால் நிலையத்தில் ஒரு முதலை உள்ளது. ஒன்று மட்டுமே' என்று அவள் எழுதியதும் வழியில் இருந்தவையெல்லாம் வந்த வழியே கலைந்துபோயின. மிச்சமிருந்த ஒன்று நல்ல குணமுள்ளது. தபால்தலை ஒட்டும் மேசையடியில் பல நாள் தூங்கியது.

இதிலிருந்து சாட்சிக்கு ஒன்று விளங்கியது. பக்கம் பேசும் இடத்தில் வதந்தியால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது வீடு கட்டிக் குடியேறுகிறது. ஆகவே வாயை மூடவே கூடாது என்று, தெருத் தெருவாக ஆட்களை அனுப்பி, பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தாள். இன்ன பள்ளியின் சுவர் நிற்கிறது. இன்ன கடையில் பால் உள்ளது. இன்ன முகாமில் எல்லோரும் சாப்பிட்டார்கள். எழுத எழுத ஊர் தன் இடத்தில் நின்றது. அவளால் எழுத முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கரை. பாலம் மூடியாகிவிட்டது, மின்சாரமின்றி அங்கே கைபேசிகளெல்லாம் அணைந்துவிட்டன, ஆறு வளையும் இடத்துக்கு அப்பால் இருந்ததால் எந்த மாடியில் ஏறினாலும் தெரியாது. அங்கே ஒரு சுகாதார நிலையமும் அதில் நடக்க முடியாத சில நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், சாட்சியின் அக்கா.

அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முன்பு ஒரு காய்ச்சல் வந்தபோது, அக்கரையில் ஆட்கள் சுருண்டு விழுகிறார்கள், மருந்து தீர்ந்துவிட்டது, பக்கத்தில் போடு என்று அக்கா கூப்பிட்டுச் சொன்னாள். பார்த்தது அக்கா ஒருத்திதான். இரண்டாவது கண் கிடைக்கும்வரை சாட்சி காத்திருந்தாள். கிடைத்து, எழுதி, மருந்து போய்ச் சேர்வதற்குள் அக்காவின் கைமேலேயே மூன்று பேர் போய்விட்டார்கள். காய்ச்சல் அடங்கிய பிறகு அக்கா அலுவலகத்துக்கே வந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நீ எழுதுனதுல ஒரு பொய் கிடையாதுடி. ஒத்துக்கிறேன். ஆனா அக்கரையில என்ன நடக்குதுன்னு எங்களுக்கு இன்னும் தெரியலன்னாவது ஒரு வரி போட்டிருக்கலாம்ல? யாராவது கேட்டிருப்பாங்க. யாராவது வந்திருப்பாங்க."

அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனவள்தான். சாட்சி அதற்குப் பிறகு எத்தனையோ முறை அழைக்க எண்ணி, எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்திருக்கிறாள். என்ன சொல்வது? விதி சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அக்கா சொன்னதும் சரிதான் என்று அதைவிட நன்றாகத் தெரியும். இரண்டும் சரியாக இருக்கும்போது பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

முதலை தூங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான், தன் படத்தில் முகத்துக்குப் பதிலாகச் சூரியகாந்திப் பூவை வைத்திருந்த யாரோ ஒருவர், 'அக்கரை சுகாதார நிலையம் இடிந்து விழுந்தது, உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை' என்று எழுதினார். கூடவே எந்த ஊரிலோ எப்போதோ இடிந்த ஒரு கட்டடத்தின் படம். பகிர்ந்தவர்கள் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. ஐயோ பாவம் என்று அழுதுகொண்டே பகிர்ந்தார்கள். அழுகை கலந்த செய்தி சீக்கிரம் ஓடும். தொலைபேசிக்காரம்மாவுக்கு அழைப்பு மேல் அழைப்பு வந்தது. வாயிலிருந்த மிட்டாயை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுப் பேசினார். சாட்சி பகிர்வுகளின் எண்ணிக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அது ஏறிய ஒவ்வொரு முறையும், ஆற்றுக்கு அப்பால் எங்கோ ஒரு சுவரில் ஒரு கோடு விரல் அளவு நீள்வது அவளுக்குத் தன் முதுகிலேயே தெரிந்தது. அக்கா, அக்கா என்று உதடு தானாக முணுமுணுத்தது. அவளிடம் இதைப் பற்றி எழுத ஒரு கண்கூட இல்லை.

ஆணையர் பின்னாலிருந்து குனிந்தார்.

"எல்லாரும் நலம்னு போட்டுடுங்கம்மா. நீங்க போட்டா நடந்துடும்ல? உங்க அக்கா வேற."

அவளுக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? விரல் அந்த எழுத்துகளின் மேலேயே நின்றது. நாலைந்து சொல் போதும். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடிக்கும் காட்சிவரை மனதில் வந்துவிட்டது. அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கெண்டை மீனின் நிழல் எதிர்ச் சுவரில் ஏறிப் போனது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"குறைஞ்ச தண்ணி மேல போய் நின்னுச்சு சார். விழ வேண்டிய கூரைய விழாதன்னு சொன்னா, அந்த இடி எங்க போய் விழும்?"

ஆணையர் அறையின் கூரையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே எதிரில் இருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அதன் கூரைக்கடியில்தான் பாதி ஊர் பாய் விரித்துப் படுத்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலியை விட்ட பிறகு அவர் உட்கார்ந்து அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

அப்போது சாட்சி செய்ததை அந்த அலுவலகம் அதற்கு முன் செய்ததில்லை. தெரியவில்லை என்ற சொல் அங்கே புழக்கத்திலேயே கிடையாது. பரிசீலனையில் உள்ளது, நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது, விரைவில் அறிவிக்கப்படும் என்று அதற்கு எத்தனையோ முக்காடுகள் உண்டு. சாட்சியும் வெறும் கர்வத்தினாலேயே அதைத் தொட்டதில்லை. தெரியாதபோது பேசாமல் இருந்துவிடுவாள். சோடி சோடியாக எழுதி வைத்திருந்த செய்திகளில் எதிலும் அது இல்லாததால், புதிதாகத்தான் எழுத வேண்டியிருந்தது. 'அக்கரை சுகாதார நிலையத்தின் நிலை எங்களுக்குத் தெரியவில்லை. இடிந்ததாக வரும் செய்தியை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இடியவில்லை என்பதையும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கப் போகிறோம்.' வெளியிட்டுவிட்டு, கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பகிர்வுகளின் எண் ஏறாமல் நின்றது. சாட்சிக்கே தெரியவில்லை என்றால் சூரியகாந்திக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று யாரோ கேட்டார்கள். அக்கரைப் பக்கம் வானம் வெளுக்க ஆரம்பித்தது. ஆறு வளையும் இடத்தில் தொடங்கி, பனி என்றும் சொல்ல முடியாமல் புகை என்றும் சொல்ல முடியாமல் ஒரு வெண்மை எழுந்து, அக்கரை முழுவதையும் மூடிக்கொண்டது. மணமில்லை, குளிரில்லை. பள்ளிப் பிள்ளைகள் எழுதாமல் விட்ட தாளைப்போல் இருந்தது. ஆறுகூட அதன் ஓரம்வரை போய், உள்ளே போவதா வேண்டாமா என்று தயங்கித் தேங்கியது.

பார்க்கப் போகிறோம் என்று எழுதியாகிவிட்டது. எழுதினால் செய்ய வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் ஒரு ரப்பர் படகு இருந்தது. அதை ஓட்டியவரை ஊர் மெதுவா என்று அழைத்தது, தீப்பற்றிய வீட்டுக்குள் நுழையும்போதுகூட மற்றவர்களிடம் அவர் சொல்லும் ஒரே சொல் அதுதான் என்பதால். ஒரு கண் அவருடையது. இரண்டாவதாக யாரை அனுப்புவது என்று தொலைபேசிக்காரம்மா ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே சாட்சி செருப்பை மாட்டிவிட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் எதையும் தானே போய்ப் பார்த்தது கிடையாது. படியிறங்கி வந்து ஊரைப் பார்த்தபோது, தான் எழுதியதெல்லாம் எழுதியபடியே இருப்பதைக் கண்டு அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

வெண்மைக்குள் நுழைந்ததும் படகின் இரைச்சல் காதுக்கு வந்தும் வராமலும் போனது. மழைத்துளிகள் விழாமல் அந்தரத்தில் நின்றன. முகத்தில் படும்போது கையால் ஒதுக்க வேண்டியிருந்தது, மணிக்கோவைத் திரையை ஒதுக்குவதுபோல. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்யாமல் இருந்ததால் படகுக்கு எதிர்ப்பே இல்லை. ஒரு மரத்தில் காகம் ஒன்று உட்கார்ந்திருந்ததா பறந்துவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. மெதுவா ஒரு கையால் துளி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்த அமைதியில்தான் சாட்சிக்கு ஒரு பயம் வந்தது. யாருக்கும் தெரியாததால்தான் அந்தக் கட்டடம் இடியாமலும் நிற்காமலும் இருக்கிறது. இப்போது இரண்டு பேர் பார்க்கப் போகிறார்கள். பார்த்து எழுதினால் அது ஏதாவது ஒன்றாகத்தானே ஆக வேண்டும்? இதை அவள் மெதுவாவிடம் சொன்னாள். அவர் படகின் வேகத்தைக் குறைத்தார்.

"பாக்கத்தான் வேணும். எழுதறத மட்டும் மெதுவா எழுதுங்க."

சுகாதார நிலையம் இருந்தது. முன்சுவரில் கதவைவிடப் பெரிய பிளவு. உள்ளே நீளமான கூடம், இரண்டு வரிசைக் கட்டில்கள், தண்ணீர் கட்டில் காலின் பாதிவரை. தலைக்கு மேல் கூரையின் உத்தரம் நடுவில் முறிந்து, இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல், எதன் மேலும் தாங்காமல், அப்படியே நின்றது. செங்கல் துண்டுகள் விழுகிற வழியில் காற்றில் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கிடையில் ஒரு கயிற்றைக் கட்டித் துவைத்த துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். அக்கா ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு கிழவருக்குக் கால்கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். தலைமுடி முன்னைவிட நரைத்திருந்தது.

"நீ எதுக்குடி வந்த? ஆபீஸ்ல யாரு இருக்கா?"

"கமிஷனர் இருக்காரு."

"விளங்கினாப்லதான்" என்றாள் அக்கா. பிறகு கட்டை முடிச்சுப் போட்டு முடித்தாள். "நடக்க முடியாதவங்கள முதல்ல ஏத்து. அந்தம்மாவுக்கு இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு, மெத்தையோட தூக்கணும். தலைய நிமித்தாத, மேல செங்கல் நிக்குது."

இரண்டு வருடத்துக்கான பேச்சு அவ்வளவுதான். சாட்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது. குனிந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். சற்று முன் பிறந்த அந்தக் குழந்தை கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தது, ஆனால் அழவில்லை. அது ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு, அக்கா, எத்தனையோ பிரசவம் பார்த்தவள், பார்த்துவிட்டுச் சொல்லத் தெரியாமல் விழித்தாள். தாய்க்கும் அதுபற்றி அவசரம் இல்லை. படகு வெண்மையைத் தாண்டி இக்கரை வெளிச்சத்துக்கு வந்த கணத்தில் குழந்தை வீறிட்டு அழுதது, பெண் என்று தெரிந்தது.

படகில் ஒரு தடவைக்குச் சிலரைத்தான் ஏற்ற முடிந்தது. ஆகவே பல நடை. இக்கரையில் இறங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் உறவுக்காரர்களைக் கூப்பிட்டு, கூரை நடுவில் முறிந்து நிற்கிறது, இதோ விழப்போகிறது என்று கண்டதையெல்லாம் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் வெண்மையில் ஒரு ஓட்டை விழுந்தது. இன்னொருவர் சொன்னதும் இன்னொன்று. கடைசி நடைக்குப் போனபோது அது கஞ்சித்தண்ணீர்போல் மெலிந்திருந்தது. அந்தரத்தில் நின்ற துளிகள் ஒவ்வொன்றாக, ஏதோ நினைவு வந்ததுபோல், விழத் தொடங்கியிருந்தன. கூடத்தில் இரண்டு கட்டில்களில்தான் ஆள் மீதி. உத்தரம் ஒரு முழம் இறங்கியிருந்தது. சாட்சியின் கைபேசி, வெண்மை மெலிந்ததால் உயிர்பெற்று, ஒலித்தது.

"ரெண்டு பேரும் பாத்தாச்சுல்லம்மா?" ஆணையரின் குரல். "ஊரே கேக்குது. தெரியலன்னு எத்தனை நேரம் வச்சிருக்கறது? என்ன பாத்தீங்களோ அதப் போட்டுடுங்க."

அவர் சொன்னது அவளுடைய விதி. ஒன்பது வருடம் அவளே மற்றவர்களுக்குச் சொன்னது. இரண்டு பேர் பார்த்தாயிற்று. கூரை உடைந்திருக்கிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். எழுதினால் கூரை தான் உடைந்ததைத் தெரிந்துகொள்ளும். எழுதாவிட்டால், பக்கத்தில் தெரியவில்லை என்று நிற்பது இந்தக் கணத்திலிருந்து பொய். வாழ்நாளில் முதல் பொய், அதுவும் தெரிந்தே. சாட்சி அக்காவைப் பார்த்தாள். அக்கா ஒரு கிழவியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு, மெதுவாவிடம் காலைப் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகுதான் அவள் கிளம்புவாள். அவளை இழுத்துக்கொண்டு போக முடியாது. சாட்சி கைபேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"இன்னும் தெரியல சார்" என்று சொல்லி அணைத்தாள்.

அந்தப் பொய்க்கான விலை உடனே தெரியாவிட்டாலும் மெல்லத் தெரிந்தது. அந்த நாளுக்குப் பிறகு தண்ணீர் பக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. மற்ற ஊர்களில் உள்ள தண்ணீர்போலவே, மழை பெய்தால் ஏறி, நின்றால் இறங்கியது. பழையபடி பம்புசெட்டும் மணல் மூட்டையும் வேண்டியதாயிற்று. ஊரில் சிலர் அதற்காகச் சாட்சியைக் கொஞ்ச காலம் குறை சொன்னார்கள், அவளும் மறுக்கவில்லை. ஆனால் அது பின்னால் நடந்தது. அப்போது, அந்தக் கூடத்தில், மெலிந்துபோன வெண்மை அவள் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. கிழவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கால்கட்டுக் கிழவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா திரும்பிப் போய், கயிற்றில் காய்ந்த துணிகளை, அவை யாருடையவையோ, ஒவ்வொன்றாக உருவி மடித்தாள்.

"அக்கா, துணி போகட்டும் வா!"

"நனைஞ்சவங்க மாத்தறதுக்கு என்ன இருக்கு? இரு."

மடித்ததை மார்போடு அணைத்துக்கொண்டு, கூடத்தை ஒரு பார்வை பார்த்து, எல்லாக் கட்டிலும் காலி என்று உறுதி செய்துகொண்ட பிறகு, அக்கா அந்தரத்தில் நின்ற செங்கற்களுக்கு அடியில் குனிந்து குனிந்து வெளியே வந்தாள். படகில் ஏறி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகுதான் சாட்சிக்கு மூச்சு வந்தது. மெதுவா படகைத் தள்ளி, கட்டடத்திலிருந்து நல்ல தொலைவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். சாட்சி கைபேசியை எடுத்தாள். 'அக்கரை சுகாதார நிலையத்தின் கூரை' என்று எழுதத் தொடங்கினாள்.

அக்கா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள யாரும் இல்லன்னு முதல்ல எழுதுடி. அப்புறம் கூரைக்குப் போ."

சாட்சி எழுதியதை அழித்துவிட்டு, 'அக்கரை சுகாதார நிலையத்துக்குள் யாரும் இல்லை. கூரை இடிந்து விழுந்தது' என்று எழுதி வெளியிட்டாள். கூரை இரண்டாவது வாக்கியம்வரை பொறுத்திருந்துவிட்டு விழுந்தது. தூசியும் சத்தமும் வந்தன. படகு ஏறி இறங்கியது. வெண்மை போய்விட்டது, மழை மறுபடி மழையாகவே பெய்தது. அக்கா பிடித்த கையை விடவில்லை. பழக்கதோஷத்தில் அவள் விரல் தங்கையின் மணிக்கட்டில் நாடியைத் தேடிப் பிடித்து, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தது.

"ரொம்ப வேகமா அடிக்குது. பயந்துட்டியா?"

"ஆமாக்கா" என்றாள் சாட்சி.

அக்கா மடித்த துணிகளில் ஒன்றை எடுத்து அவள் தலையில் போட்டாள். மெதுவா இயந்திரத்தை முடுக்கினார், கிழவியும் கிழவரும் உட்பட ஐவரும் மழையில் ஊர் நோக்கிப் போனார்கள்.